அப்பாவின் டிவிடி அலமாரிக்கு எந்த பிளேயர் வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்குச் சிங்கப்பூரில் வேலை. கும்பகோணத்தில் அப்பா, அம்மா. அப்பாவிடம் சுமார் நானூறு டிஸ்க் இருக்கிறது. பழைய விசிடிகள், மோசர் பேர் படங்கள், ஐங்கரன் டிவிடிகள், நீங்கள் அங்கிருந்து வாங்கிக்கொண்டு போன புளூ-ரேக்கள், அக்காவின் கல்யாண டிவிடி. பழைய டிவிடி பிளேயர் டிரே திறக்காமல் படுத்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய 43 அங்குல 4கே கூகுள் டிவி. பொங்கலுக்குப் போகும்போது நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எல்லாம் உள்ள புளூ-ரே பிளேயர் ஒன்றை வாங்கிப் போனால் டிஸ்க்கும் ஆச்சு, ஆன்லைனும் ஆச்சு, ஒரே ரிமோட், அம்மாவுக்கும் சுலபம். சரிதானா என்று கேட்கிறீர்கள்.

பாதி சரி. டிஸ்க் பிளேயர் வாங்குங்கள். ஆனால் அதில் இருக்கும் ஆப்களுக்காக ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். லேசர் செத்துப்போய் வந்த பிளேயர்களைவிட, லேசர் நன்றாக இருந்தும் ஆப் செத்துப்போனதால் மூலையில் கிடக்கும் பிளேயர்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பழைய பெட்டி. டிரே திறக்கவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அது பெல்ட். டிரேயை இழுக்கும் மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் வளையல் மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும். வருஷக்கணக்கில் ஓடி இளகிவிடும், அல்லது வறண்டு வழுக்கும். உள்ளே 'டிர்ர்' என்று மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, டிரே மட்டும் வராவிட்டால் சந்தேகமே வேண்டாம். டீக்காசில் முடிகிற வேலை. அப்பாவைத் தூக்கிப் போட விடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அந்தப் பெட்டிக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது.

இப்போது ஆப் விஷயம். டிஸ்க் என்பது முடிந்துபோன ஒப்பந்தம். 1996இல் டிவிடி வந்தபோது எழுதிய விதிப்படி அச்சடித்த தட்டு இன்றைக்கும் அதே விதிப்படிதான் படிக்கப்படும். யாரும் நடுவில் விதியை மாற்ற முடியாது. ஆப் அப்படி இல்லை. பிளேயருக்குள் இருப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் இருப்பது யூடியூபின் சர்வர். அந்தப் பக்கத்துக்காரன் தன் கதவின் பூட்டை மாற்றினால் இந்தப் பக்கத்துக்காரனுக்குப் புதுச் சாவி கொடுக்க வேண்டியது பிளேயர் கம்பெனி. கம்பெனி இரண்டு மூன்று வருஷம் கொடுக்கும். அப்புறம் புது மாடல் வந்துவிடும், பழையதை மறந்துவிடும். 2015 ஏப்ரலில் இதுதான் நடந்தது. யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியது. 2012க்கு முந்தைய ஸ்மார்ட் டிவிகள், புளூ-ரே பிளேயர்கள் ஏராளமானவற்றில் யூடியூப் ஒரே நாளில் காணாமல் போனது. 'நேற்று வந்தது, இன்றைக்கு வரலை, நெட்தான் பிரச்சினை' என்று பிராட்பேண்ட்காரரோடு சண்டை போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். 2021 செப்டம்பர் 30 அன்று இணையத்தில் நிறையத் தளங்கள் நம்பியிருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. புதுச் சான்றிதழ் ஏற்றப்படாத பழைய சாதனங்கள் பல தளங்களைத் திறக்க மறுத்தன. இதில் பிளேயரின் குற்றம் எதுவும் இல்லை. அதன் உள்ளே நினைவகமும் குறைவு, புது ஆப் ஏறாது.

நம் ஊர்க் கணக்குக்கு இன்னொரு குறை இருக்கிறது. டிஸ்க் பிளேயர்களில் வரும் ஆப்கள் உலகச் சந்தைக்கானவை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் இருக்கும். சன் நெக்ஸ்ட்டோ ஆஹாவோ இருந்த ஒரு பிளேயரை நான் பார்த்ததில்லை. ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனது. இப்படிப் பேரும் ஆளும் மாறிக்கொண்டே இருக்கிற ஊரில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் பிளேயருக்காக ஒவ்வொரு தடவையும் ஆப்பை மாற்றித் தரும் என்று எதிர்பார்ப்பது பேராசை. உங்கள் அம்மா பார்க்கப்போவது சீரியல் என்றால் அது பிளேயரில் வராது. வீட்டில் இருக்கும் கூகுள் டிவியில் இப்போதே வரும்.

அதாவது உங்கள் வீட்டில் ஆன்லைன் வசதி ஏற்கெனவே டிவிக்குள் இருக்கிறது. பிளேயரில் வாங்குவது அதே சாமானை இரண்டாவது தடவை வாங்குவது. நாளைக்கு டிவியின் ஆப்கள் மந்தமானால் எச்டிஎம்ஐயில் செருகும் ஒரு ஸ்டிக் போதும். நல்ல பிளேயர் விலையில் அது ஒரு துண்டு. அதுவும் பழசானால் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று செருகலாம். பிளேயரைக் கழற்றிப் போட மனசு வருமா?

அதற்காக நெட் இணைப்பே இல்லாத பிளேயரை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நெட் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் பூட்டும் மெனுவும் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். நீங்கள் அடுத்த வருஷம் வாங்கும் படம் இன்றைய ஃபர்ம்வேரில், அதாவது பிளேயரை இயக்கும் உள் மென்பொருளில், லோடிங் என்று சுற்றிக்கொண்டே நிற்கலாம். அப்டேட் போட்டால் ஓடிவிடும். நெட் இல்லாவிட்டால் பென் டிரைவில் இறக்கி ஏற்ற வேண்டும், அப்பாவால் முடியாது. ஆக வைஃபை அல்லது லேன் இருக்கட்டும். கூடவே அமைப்பில் பிடி-லைவ் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்து வைத்துவிடுங்கள். டிஸ்க் போட்டதும் ஸ்டுடியோவின் சர்வரிலிருந்து டிரெய்லரும் விளம்பரமும் இழுக்கிற வசதி அது. பெரும்பாலான சர்வர்கள் இப்போது இல்லை. பிளேயர் மட்டும் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும், படம் தொடங்கத் தாமதமாகும்.

ஸ்ட்ரீமிங் என்ற சொல்லுக்கு வீட்டுக்குள்ளேயே இன்னொரு அர்த்தம் உண்டு. கம்ப்யூட்டரிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும் படத்தை வீட்டு நெட்வொர்க் வழியாகவோ யூஎஸ்பி வழியாகவோ டிவியில் பார்ப்பது. இங்கேதான் ஒரு நல்ல டிஸ்க் பிளேயர் டிவியை ஜெயிக்கும். சில டிவிகளில் பென் டிரைவைச் செருகினால் படம் வரும், சத்தம் வராது. கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும், டிவி கம்பெனி அதற்கு உரிமம் வாங்கியிருக்காது. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்தியது. எல்ஜி 2020இல் நிறுத்தி 2023இல் திரும்பக் கொண்டுவந்தது. புளூ-ரே பிளேயர் அப்படி நழுவ முடியாது, டிடிஎஸ் புளூ-ரே விதியிலேயே இருக்கிறது. ஆகவே ஊரில் எடுத்த வீடியோ, நீங்கள் சேமித்து வைத்த படம் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பிளேயரின் பின்பக்க யூஎஸ்பியில் நிரந்தரமாகச் செருகிவிட்டால் அப்பாவுக்கு அதுவே ஒரு தியேட்டர். ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்ற மற்ற ஃபார்மேட்டுகளைப் படிக்குமா என்று பெட்டியின் விவரத்தில் பாருங்கள். லேன் போர்ட் பல பிளேயர்களில் 100 எம்பிபிஎஸ்தான். கனமான 4கே கோப்பு அதில் திக்கும், அதற்கும் யூஎஸ்பியே மேல்.

தமிழருக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஆர்டி என்ற தனி எழுத்துக் கோப்பாக இருக்கும் தமிழ் சப்டைட்டில் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தாலும் அதே கதி. டிஸ்க்கில் இந்தப் பிரச்சினை கிடையாது, டிவிடியிலும் புளூ-ரேயிலும் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாகவே பதிந்திருக்கிறது. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள், சண்டை தீர்ந்தது.

இனி உங்கள் கேள்வியிலேயே இல்லாத, ஆனால் உங்களைக் கவிழ்க்கப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். மண்டலம். எந்த ஊர் டிஸ்க் எந்த ஊர்ப் பிளேயரில் ஓடலாம் என்பதற்காக டிவிடிக்கு உலகத்தை எண்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா, இலங்கை 5. சிங்கப்பூர், மலேசியா 3. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பாவும் வளைகுடாவும் 2. புளூ-ரேக்கு மூன்றே எழுத்து. சிங்கப்பூர், அமெரிக்கா, ஜப்பான் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. 4கே புளூ-ரேக்கு மட்டும் மண்டலமே கிடையாது. இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூரில் வாங்கிய பிளேயரில் நீங்கள் அங்கே வாங்கிய புளூ-ரே எல்லாம் ஓடும். ஆனால் அப்பா இந்தியாவில் வாங்கிய ஹாலிவுட் டிவிடி மண்டலம் 5 என்று இருந்தால், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்தில் வாங்கிய டிஸ்க்கைப் படிக்க மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். இந்தியாவில் பிளேயரை வாங்கினால் கதை தலைகீழ்.

நல்ல வேளையாகத் தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்டலப் பூட்டு இல்லை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சனத்துக்கு விற்க வேண்டிய சரக்கு அல்லவா. லண்டனிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் ஒரே டிஸ்க் ஓட வேண்டும். இருந்தாலும் ஊகத்தில் விடாதீர்கள். அப்பாவை அட்டைகளின் பின்பக்கத்தை நாலு நாலாக அடுக்கி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டிவிடி என்றால் ஒரு சின்ன உலக உருண்டையும் அதன்மேல் எண்ணும் இருக்கும், அல்லது ஆல் என்று எழுதியிருக்கும். புளூ-ரேயில் ஏ, பி, சி எழுத்துகள் இருக்கும். ஐந்தாம் எண் டிஸ்க் பத்துக்குள் இருந்தால் கவலைப்படாமல் சிங்கப்பூரிலேயே வாங்குங்கள். நிறைய இருந்தால் சிம் லிம் ஸ்கொயரிலோ முஸ்தபாவிலோ டிவிடி மண்டலம் திறந்த பெட்டியாகக் கேளுங்கள். 'திறந்திருக்கு' என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மண்டலம் 5 டிஸ்க் ஒன்றை ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்தால் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். டிவிடி பூட்டைத் திறப்பது பல மாடல்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தும் வேலைதான். புளூ-ரே பூட்டு அப்படி இல்லை, அதற்குப் பெரும்பாலும் உள்ளே வேலை செய்ய வேண்டும், வாரண்டி போய்விடும்.

சிங்கப்பூர்ப் பெட்டி என்பதில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. அங்கேயும் 230 வோல்ட்தான், அங்கேயும் பால் (PAL) என்ற டிவி பட முறைதான். பிளக் மட்டும் சதுர முள், ஒரு அடாப்டர் போதும். உங்கள் அலுவலக நண்பர் யாராவது 'அமெரிக்காவிலிருந்து மலிவாக வாங்கித் தருகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஊர்ப் பிளேயர்கள் பலவற்றுக்கு 120 வோல்ட் மட்டுமே தெரியும், நம் பிளக்கில் செருகிய நிமிஷம் புகை. தப்பித்தாலும் பால் டிவிடிகளைப் படிக்காத மாடல்கள் அங்கே சகஜம், அப்பாவின் பாதி அலமாரி படுத்துவிடும். எந்த ஊரில் வாங்கினாலும் பெட்டியின் பின்னால் 100-240 என்று எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

அப்பாவின் விசிடிகள். நாம் எல்லாவற்றையும் 'சிடி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் பிளேயருக்கு அவை வேறு வேறு ஜாதி. விசிடி ஆசியாவின் பிள்ளை. மேற்கில் அதை யாரும் சீந்தவில்லை. அதனால் மேற்கை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பல புளூ-ரே பிளேயர்கள் விசிடியைப் போட்டால் 'தெரியாத டிஸ்க்' என்று துப்பிவிடும். பெட்டியில் வீடியோ சிடி லோகோ இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவிடி பிளேயரைப் பெல்ட் மாற்றி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி, அதற்கு எந்த பிளேயர் போட்டாலும் அழகு கூடாது. பழைய பெட்டியே கௌரவமாகக் காட்டும். 2007 வாக்கில் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, திருட்டு டிஸ்க் விலையில் அசல் கிடைக்கிறதே என்று வீட்டுக்கு வீடு வாங்கிக் குவித்தார்கள். அந்தக் கம்பெனி 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது, டிஸ்க்குகள் இன்னும் அலமாரிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில தமிழ்ப் படங்களுக்கு அதைவிட நல்ல பிரதி வேறெங்கும் இல்லை, ஆன்லைனிலும் இல்லை. அப்பா அந்த அலமாரியை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

டிவிடியில் படம் சின்னதாகத் தெரிகிறது என்று அப்பா நிச்சயம் சொல்வார். பழைய தமிழ் டிவிடிகளில் பல, குண்டு டிவி காலத்துச் சதுரச் சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டே பதியப்பட்டவை. அதை அகல டிவியில் போட்டால் பக்கத்திலும் இரண்டு பட்டை சேர்ந்து, நாலு புறமும் கறுப்பு, நடுவில் தபால்தலை மாதிரி படம். ரிமோட்டில் ஜூம் பட்டன் உள்ள பிளேயராக வாங்குங்கள். இல்லாவிட்டால் பிளேயரின் வீடியோ அமைப்பில் 1080 என்பதற்குப் பதில் 576 என்று மாற்றிப் பாருங்கள். 1080 உள்ளே வரும்போது படத்தைப் பெரிதாக்க விடாத சில டிவிகள் 576 வந்தால் விடும். படத்தை நீட்டும் வேலையை டிவியே செய்துகொள்ளும், பெரும்பாலும் நன்றாகவே செய்யும். டிவிடியை 4கே ஆக்குகிறேன் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி மயங்காதீர்கள். 576 வரியில் இல்லாத விவரத்தை யாரும் உண்டாக்க முடியாது.

சரி, சாதாரண புளூ-ரேயா, 4கே புளூ-ரேயா? அலமாரியை வைத்துச் சொன்னால் சாதாரணமே போதும். தமிழ்ப் படத்தை 4கே டிஸ்க்கில் தேடினால் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். 43 அங்குலத்தை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் அப்பாவுக்கு 1080க்கும் 4கேக்கும் உள்ள கூர்மை வித்தியாசம் தெரியாது. எச்டிஆர் என்கிற, வெளிச்சமும் நிறமும் கூடிய வண்ணம் வேண்டுமானால் தெரியும். ஆனால் கடை நிலவரம் வேறு. ஓப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புது பிளேயர் கிடையாது என்றது. எல்ஜியின் 4கே பிளேயர்கள் 2024 கடைசியில் நின்றன. மிச்சம் இருக்கும் பெரிய பெயர்கள் சோனியும் பானாசோனிக்கும்தான். மேக்னடார் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், அது பெரிய தியேட்டர் அறை கட்டியவர்களுக்கான விலை. ஆகவே கையில் கிடைப்பது சோனியின் எக்ஸ்700 வகையோ பானாசோனிக்கின் சின்ன 4கே மாடலோவாக இருந்தால் அதையே எடுங்கள். உங்களுக்கும் பின்னால் உதவும், மண்டலம் இல்லாத 4கே டிஸ்க்கை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம்.

இரண்டில் எது? சோனியில் இரண்டு எச்டிஎம்ஐ உண்டு. ஒன்று டிவிக்கு, இன்னொன்று 4கே தெரியாத பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஒலி மட்டும். எஸ்ஏசிடி என்ற உயர்தரப் பாட்டு டிஸ்க்கையும் படிக்கும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையை மட்டும் அமைப்புக்குள் போய் நாமே போட்டு நாமே அணைக்க வேண்டும், மறந்தால் மற்ற படங்களின் நிறம் கெடும், அப்பாவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அணைத்தே வைத்துவிடுங்கள். பானாசோனிக் 820 அதைத் தானே பார்த்துக்கொள்ளும், எச்டிஆர்10 பிளஸ் என்ற இன்னொரு வகையும் தெரியும், ஆனால் எஸ்ஏசிடி கிடையாது, விலையும் ஒரு படி மேலே. உங்கள் வீட்டுக்கு 820 தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கித் தரலாம். ஒல்லி டிவிகளின் ஸ்பீக்கரில் வசனம் புரியவில்லை என்று வயதானவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஆப் இல்லாத மாடல் என்று கடையில் விலை குறைத்துக் கொடுத்தால் சந்தோஷமாக அதையே வாங்குங்கள். சில மாடல்களில் கம்பெனிகளே இப்போது ஆப்களைக் கழற்றிவிட்டன.

பிஎஸ்5இன் டிஸ்க் மாடல் வாங்கலாமே என்று உங்கள் தம்பி சொல்வான். அது 4கே டிஸ்க் வரை ஓட்டும், உண்மை. ஆனால் பாட்டு சிடியைப் படிக்காது. அப்பாவின் இளையராஜா சிடிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க வேண்டியிருக்காது, ஆனால் அம்மா பார்ப்பார். தவிர அது தம்பியின் அறைக்குப் போய்விடும், கும்பகோணத்தில் இருக்காது. கம்ப்யூட்டரில் டிரைவ் போட்டுப் பார்க்கும் யோசனையும் வேண்டாம். 4கே டிஸ்க்குக்குத் தேவையான ஒரு பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களிலிருந்தே எடுத்துவிட்டது.

டிஸ்க்கா ஸ்ட்ரீமிங்கா, எதில் படம் நன்றாக இருக்கும் என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லலாம். 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். 4கே டிஸ்க் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டிக்கூடப் படத்தைக் கொட்டும். சாதாரண புளூ-ரேயே 40 வரை போகும். இருட்டுக் காட்சி, மழை, புகை, தண்ணீர் இவற்றில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிவிடி பத்துக்கும் கீழே, அதுவும் எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில். ஆகவே அதே படம் ஆன்லைனில் 1080இல் கிடைத்தால் டிவிடியைவிட அதுதான் நன்றாக இருக்கும். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், நீங்களும் வாதாட வேண்டாம்.

ஒரே ரிமோட் ஆசைக்கு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியும் பிளேயரும் பேசிக்கொள்ளும் வசதியை சோனி பிராவியா சிங்க் என்றும் பானாசோனிக் வியரா லிங்க் என்றும் சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும் எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும் அழைக்கும். எல்லாம் ஒரே சாமான், வேறு வேறு பெயர். இரண்டு பக்கமும் அமைப்பில் ஆன் செய்துவிட்டால், டிஸ்க்கைப் போட்டு பிளே அழுத்தியதும் டிவி தானே பிளேயர் பக்கம் திரும்பும். டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளே பிளேயரையும் நகர்த்தும். அம்மா நெட்ஃபிளிக்ஸ் பட்டனை அழுத்தினால் டிவி தன் வேலைக்குத் திரும்பிவிடும். 'ஒரே பெட்டி' கேட்டது இதற்காகத்தானே, பெட்டி இரண்டாக இருந்தாலும் ரிமோட் ஒன்றுதான்.

ஆம்ப்ளிஃபையரோ பழைய ஹோம் தியேட்டரோ இருந்தால் அதன் பின்பக்கத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மலிவுப் பிளேயர்களில் எச்டிஎம்ஐ தவிர வேறு ஓட்டையே இருக்காது. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரைத் தேடாதீர்கள், 2013க்குப் பிறகு செய்யப்படும் புளூ-ரே பிளேயர்களில் அந்தப் பழைய வகையில் படம் வெளியே விடக் கூடாது என்பது விதி. ஒலிக்கு மட்டும் ஆப்டிகலோ கோஆக்சியலோ இருக்கலாம், இருந்தால் போதும்.

செகண்ட் ஹேண்ட் கிடைத்தால்? நம்பிக்கையான ஆளிடம் என்றால் தாராளமாக. சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அச்சடித்த புது டிஸ்க்கைப் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள், அது மினுமினுப்பானது, சோர்ந்த லேசரும் படித்துவிடும். வீட்டில் எரித்த டிவிடி-ஆர் ஒன்றைப் போடுங்கள். அடுத்து இரட்டை அடுக்கு டிவிடி, அதாவது 8.5 ஜிபி உள்ளது. படத்தின் நடுவில் அடுக்கு மாறும் இடத்தில் ஒரு நொடி தயங்கிவிட்டுப் போனால் சரி, அங்கேயே நின்றால் லேசருக்கு வயசாகிவிட்டது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, ஆகவே ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பாருங்கள், வளைந்த தட்டும் லேசர் நகரும் தேய்ந்த தண்டவாளமும் அங்கேதான் மாட்டும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது இருபது நிமிஷத்தில் சத்தம் மட்டும் நின்று திரையில் சினாவியா என்று ஒரு வாசகம் வந்தால் அது பழுது அல்ல. அந்த டிஸ்க் அசல் இல்லை என்று பிளேயர் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். 2012 முதல் வரும் புளூ-ரே பிளேயர்கள் எல்லாவற்றிலும் இந்தக் காவல்காரன் உண்டு. அதற்காக என்னிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று பல தடவை திண்டாடியிருக்கிறேன்.

டிஸ்க்குகளைத் துடைப்பது பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள். வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாக விழுந்த கீறல் ஒரே தடத்தை நீளமாக அழிக்கும், நேராக விழுந்ததை பிளேயர் தாண்டிவிடும். பாட்டு சிடியில் ஆபத்து மேல்பக்கம், பேர் எழுதிய பக்கம். அதற்கு அடியிலேயே ஒட்டி இருக்கிறது பாட்டு. டிவிடியில் இரண்டு தகட்டுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும். புளூ-ரேயில் கீழ்ப்பக்கம் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில், மேலே கடினப் பூச்சு பூசி.

கடைசியாக அந்தக் கல்யாண டிவிடி. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கடையில் வாங்கிய படம் அச்சில் குத்தியது, அந்தக் குழிகள் அழியாது. கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது டிவிடி-ஆர், உள்ளே இருப்பது லேசரால் சுட்ட சாயம். வெயில், வேர்வை, காவிரிக்கரை ஈரம் மூன்றும் அதைத் தின்னும். விளிம்பிலிருந்து நிறம் மாறத் தொடங்கினால் முகூர்த்தம் முடிந்து ஊர்வலம் வருகிற இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும். புது பிளேயர் வாங்கினாலும் அது சரியாகாது. பொங்கலுக்குப் போகும்போது ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவை எடுத்துப் போங்கள். டிஸ்க்கில் படம் இருக்கும் விஓபி கோப்புகளை அப்படியே லேப்டாப்பில் காப்பி செய்து, ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், ஒரு பிரதி அக்காவிடம். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படிக்கும், உடனே கைவிடாதீர்கள். ஒன்றும் படிக்காவிட்டால் அந்தப் பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெட்டிகளில் சில, கெட்டுப்போன எரித்த டிஸ்க்கைப் புதுசுகளைவிடப் பொறுமையாகப் படிக்கும். அப்படி ஓடினால் அதன் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரை ஒரு சின்ன யூஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி ஓடும்போதே லேப்டாப்பில் பதிந்துவிடலாம். பெல்ட்டை மட்டும் நீங்கள் போவதற்கு முன்னாலேயே மாற்றி வைக்கச் சொல்லிவிடுங்கள், பொங்கல் லீவில் எந்த ரிப்பேர் கடையும் திறந்திருக்காது.